வீட்டிலேயே விந்தூட்டல் முறையில் கருத்தரிக்க முயற்சி: தம்பதியர் அறிய வேண்டியவை என்ன?

புது தில்லி: தாம்பத்திய உறவு இயலாத, அல்லது கடும் வலியைத் தரும் நிலையில் உள்ள தம்பதியரில் சிலர், கணவரின் விந்துவை ஊசியற்ற சிரிஞ்சு மூலம் மனைவியின் யோனிக்குள் செலுத்திக் கருத்தரிக்க முயல்கின்றனர். ‘வீட்டு விந்தூட்டல்’ எனப்படும் இம்முறைக்கு அறுவை சிகிச்சையோ, மயக்க மருந்தோ, பெரும் செலவோ தேவையில்லை. ஆயினும், இது யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது, எங்கே ஆபத்து உள்ளது என்பவற்றை அறியாமல் பல மாதங்களை இழக்கும் தம்பதியர் உண்டு. திருமணமான சில மாதங்களிலேயே ‘விசேஷம் உண்டா’ என்ற கேள்வி எழும் நம் நாட்டில், உறவே நிகழவில்லை என்பதை மருத்துவரிடம்கூடச் சொல்லத் தயங்குவோர் பலர். அதனால் இது பெரும்பாலும் மூடிய கதவுக்குள்ளேயே முடிந்துவிடும் விஷயமாக உள்ளது.

இம்முறை புதியதன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிறுநீர்த் துவாரம் இயல்பான இடத்தில் அமையாத ஒரு துணி வணிகருக்கு லண்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் இதே வழியைக் கூறினார். விந்துவை வெதுவெதுப்பான சிரிஞ்சில் எடுத்து மனைவிக்குச் செலுத்துமாறு அவர் ஆலோசனை வழங்க, அப்பெண் கருவுற்றதாக மருத்துவ வரலாறு பதிவு செய்துள்ளது. மனிதரில் செயற்கை விந்தூட்டலின் தொடக்கமாகக் குறிப்பிடப்படும் அந்நிகழ்வு, கணவரின் விந்துவைக் கொண்டு வீட்டில் செய்யப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

யாருக்குப் பயன்படும்?

உறவின்போது யோனித் தசைகள் தம்மை அறியாமல் இறுகிக்கொள்ளும் ‘வஜைனிஸ்மஸ்’ நிலை உள்ள பெண்கள், விறைப்புக் குறைபாடு உள்ள ஆண்கள், தனிமையில் விந்து வெளியேறினாலும் உறவின்போது வெளியேறாத ஆண்கள், உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு இம்முறை பொருந்தும். ‘இன்று அந்த நாள்’ என்று தேதி குறித்து உறவு கொள்ள வேண்டிய நெருக்கடியால் தடுமாறும் ஆண்களும் உண்டு. அவர்களுக்கு இது சுமையைக் குறைக்கும்.

மனைவிக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்து கணவருக்கு இல்லாத நிலையில், கணவருக்குத் தொற்று பரவாமல் கருத்தரிப்பதற்கும் இம்முறை ஒரு வழியாக ஏற்கப்பட்டுள்ளது. ஆனால், தொற்று கணவருக்கு இருந்தால் இம்முறை மனைவிக்கு எவ்விதப் பாதுகாப்பும் அளிக்காது. அப்போது அரசு மையங்களில் இலவசமாக வழங்கப்படும் கூட்டு மருந்து சிகிச்சையால் கணவரின் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருப்பதை உறுதி செய்த பிறகே, மருத்துவ ஆலோசனையுடன் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

முதுகுத் தண்டுவடக் காயம் உற்ற ஆண்களிடம் அதிர்வுக் கருவி மூலம் விந்து பெறப்படுவதுண்டு. காயம் மார்புப் பகுதியின் மேற்பாதியிலோ கழுத்திலோ இருந்தால், அத்தூண்டுதல் இரத்த அழுத்தத்தைத் திடீரென ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். எனவே முதல் முயற்சி மருத்துவமனையிலேயே நடைபெற வேண்டும்.

யாருக்குப் பயன்படாது?

வீட்டு விந்தூட்டல், உறவுக்கு மாற்றே தவிர உறவைவிட மேலான சிகிச்சை அன்று. விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலோ, கருக்குழாய்கள் அடைபட்டிருந்தாலோ, கருமுட்டை வெளிவராவிட்டாலோ சிரிஞ்சு எதையும் மாற்றிவிடாது. இந்தியாவில் கருக்குழாய் அடைப்புக்கு, பிறப்புறுப்பைத் தாக்கும் காசநோய் ஒரு முக்கியக் காரணம். வெளிப்படையான அறிகுறிகள் இன்றியே அது பல ஆண்டுகள் இருக்கக்கூடும்.

இதனால், முயற்சியைத் தொடங்கும் முன் கணவர் ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. செலவு குறைந்த, வலியற்ற பரிசோதனை இது. இருந்தும் மனைவிக்கு ஸ்கேன் முதல் லேப்ராஸ்கோபி வரை முடிந்த பிறகே கணவரின் முறை வருவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி, விந்தின் அளவு 1.4 மில்லி லிட்டர், ஒரு மில்லி லிட்டரில் விந்தணுக்கள் 1.6 கோடி, நகரும் விந்தணுக்கள் 42 சதவீதம் ஆகியவை கீழ்நிலைக் குறியீடுகளாகும். இவற்றுக்குக் கீழே இருந்தால் கருத்தரிக்கவே முடியாது என்று பொருளில்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றே பொருள்.

சரியான நாள் எது?

வெளிவந்த கருமுட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிர்ப்புடன் இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாட்கள் வரை தாக்குப்பிடிக்கும். எனவே கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமே வாய்ப்புள்ள காலம். இவற்றுள் கடைசி மூன்று நாட்கள் மிக முக்கியமானவை. அடுத்த மாதவிடாய் தொடங்குவதற்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன் கருமுட்டை வெளிப்படுகிறது. 28 நாள் சுழற்சியில் அது 14ஆம் நாளாகவும், 32 நாள் சுழற்சியில் 18ஆம் நாளாகவும் அமையும். எல்லோருக்கும் 14ஆம் நாள்தான் என்று எண்ணி, உரிய நாளைத் தவறவிடுவோர் உண்டு.

மருந்துக் கடைகளில் கிடைக்கும் ‘ஓவுலேஷன் கிட்’, சிறுநீரில் எல்.எச். ஹார்மோன் உயர்வைக் காட்டும். அது தென்பட்ட 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளிப்படலாம் என்பதால், அன்றும் மறுநாளும் விந்தூட்டல் செய்யலாம். பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்த கிட் தவறான முடிவைக் காட்டக்கூடும். யோனித் திரவம் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, இழுத்தால் நீளும் தன்மையில் இருப்பதும் நம்பத்தக்க அறிகுறியே.

செய்முறையும் எச்சரிக்கையும்

இரண்டு முதல் ஐந்து நாட்கள் இடைவெளிக்குப் பின், மருந்துக் கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய, வாயகன்ற மாதிரிக் குப்பியில் விந்துவைச் சேகரிக்க வேண்டும். சாதாரண ஆணுறையில் சேகரிப்பதும், எச்சிலையோ கடைகளில் விற்கும் பெரும்பாலான மசகுகளையோ பயன்படுத்துவதும் விந்தணுக்களின் இயக்கத்தைப் பாதிக்கும். வெளியேறியதும் கெட்டியாக இருக்கும் விந்து, 15 முதல் 30 நிமிடங்களில் தானாக இளகும். அதுவரை அறை வெப்பநிலையில் வைத்திருந்து, ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பணி நிமித்தம் வெளியூர் செல்லும் கணவரின் விந்துவை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் சேமிக்கலாம் என்ற எண்ணம் தவறானது. விந்து வங்கிகளில் அது தனி முறையில் பதப்படுத்தப்பட்டு, மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் திரவ நைட்ரஜனில் வைக்கப்படுகிறது.

புதிய, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிரிஞ்சில் ஊசியை அகற்றிவிட்டு, விந்துவை மெதுவாக உறிஞ்சி, காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். மனைவி மல்லாந்து படுத்த நிலையில், சிரிஞ்சை வலியின்றிச் செல்லும் தூரம் வரை மட்டும் செலுத்தி, நிதானமாக அழுத்த வேண்டும். இதை மனைவி தாமே செய்துகொண்டால் இறுக்கமும் அச்சமும் குறையும். பின்னர் 15 நிமிடங்கள் படுத்திருந்தால் போதும். எழுந்ததும் சிறிது வழிந்து வருவது இயல்பே.

இங்கே மீறக் கூடாத ஒரு எல்லை உண்டு. கருப்பை வாயைக் கடந்து, கருப்பைக்குள் விந்துவைச் செலுத்த வீட்டில் ஒருபோதும் முயலக் கூடாது. மருத்துவமனையில் செய்யப்படும் ஐ.யு.ஐ. சிகிச்சையில், விந்து ஆய்வகத்தில் கழுவப்பட்டு விந்தணுக்கள் தனியே பிரிக்கப்பட்ட பிறகே கருப்பைக்குள் செலுத்தப்படுகின்றன. கழுவப்படாத விந்தில் உள்ள ப்ராஸ்டாகிளாண்டின் எனும் பொருள் கருப்பையைக் கடுமையாகச் சுருங்கச் செய்து, தாங்க முடியாத வலியை உண்டாக்கும். நோய்த்தொற்றும் நேரலாம். எனவே நீண்ட மென்குழாய்களை வாங்கி ‘இன்னும் உள்ளே’ கொண்டு செல்ல முயல்வது வாய்ப்பைக் கூட்டாது, ஆபத்தை மட்டுமே கூட்டும். விந்தூட்டலுக்குப் பின் காய்ச்சல், துர்நாற்றத்துடன் திரவப் போக்கு, கடும் அடிவயிற்று வலி ஏதேனும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வஜைனிஸ்மஸ் உள்ள பெண்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று. கருத்தரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் கருதிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. ஆனால் கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் உட்பரிசோதனைகள் தேவைப்படலாம். இடுப்புத் தளத் தசைப் பயிற்சி, படிப்படியாக அளவு கூடும் டைலேட்டர்கள், மனநல ஆலோசனை ஆகியவற்றால் இந்நிலை நன்கு குணமாகக்கூடியது. விந்தூட்டல் முயற்சியும் இச்சிகிச்சையும் ஒருசேர நடக்கலாம்.

சட்டம் சொல்வது

2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021, கருத்தரிப்பு மருத்துவமனைகளையும் விந்து, கருமுட்டை வங்கிகளையும் பதிவு செய்து கண்காணிக்கிறது. தம்பதியர் தமது வீட்டில் கணவரின் விந்துவைக் கொண்டு முயல்வதற்கு அச்சட்டத்தில் தனிப் பதிவோ உரிமமோ கூறப்படவில்லை. பிறரின் விந்து என்றால் நிலைமை வேறு. கொடையாளருக்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி மற்றும் சி, சிபிலிஸ் பரிசோதனைகளைச் செய்வது பதிவு பெற்ற வங்கியின் கடமை. அறிமுகமானவரிடம் நேரடியாகப் பெறும்போது அப்பாதுகாப்பு கிடைப்பதில்லை. பிற்காலத்தில் தந்தைமை குறித்த வழக்குகளும் எழக்கூடும்.

ஆண் குழந்தைக்கு உகந்த நாள், உகந்த நிலை என்று சமூக ஊடகங்களில் உலவும் குறிப்புகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை. பாலினத் தேர்வும் அதற்கான விளம்பரமும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரியவை.

எவ்வளவு காலம் முயலலாம்?

இளம் தம்பதியருக்கு, எந்தக் குறையும் இல்லாதபோதும், ஒரு சுழற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று மட்டுமே. ஆகவே முதல் இரண்டு மூன்று மாதங்கள் பலனளிக்காமல் போவது தோல்வியன்று. பெண்ணின் வயது 35-க்குக் கீழ் இருந்தால் ஓராண்டு வரையும், 35-ஐக் கடந்திருந்தால் ஆறு மாதங்கள் வரையும் முயலலாம். 40 வயதைக் கடந்தோர், மாதவிடாய் ஒழுங்கற்றோர், முன்பு காசநோயோ இடுப்பறை நோய்த்தொற்றோ கண்டோர் தொடக்கத்திலேயே மருத்துவரை அணுக வேண்டும். முயற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மனைவி நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்வது, குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைபாடுகளைத் தவிர்க்க உதவும்.

மருத்துவரிடம் செல்லும்போது மாதவிடாய்த் தேதிகள், ஓவுலேஷன் கிட் காட்டிய நாட்கள், விந்தூட்டல் செய்த நாட்கள் ஆகியவற்றைக் குறித்து எடுத்துச் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும். உறவு நிகழவில்லை என்பதை முதல் சந்திப்பிலேயே கூறிவிட வேண்டும். அதை மறைத்தால், ‘காரணம் அறியப்படாத குழந்தையின்மை’ என்று பதிவாகி, தேவையற்ற ஐ.வி.எஃப். சிகிச்சை வரை செல்ல நேரிடலாம்.