உணவுத் தடமறிதல்

உணவுத் தடமறிதல் என்பது ஓர் உணவுப்பொருள் விளைந்த இடத்திலிருந்து நுகர்வோரைச் சென்றடையும் வரை கடந்து வரும் நிலைகளைப் பதிவு செய்து, தேவைப்படும்போது அப்பாதையை முன்னோக்கியோ பின்னோக்கியோ கண்டறியும் முறை ஆகும். உழவர், பொதி செய்பவர், பதப்படுத்துபவர், மொத்த வணிகர், சில்லறை வணிகர் ஆகியோர் அடங்கிய தொடர் உணவு வழங்கல் சங்கிலி எனப்படும். நெடுங்காலமாகத் தாள்களில் எழுதப்பட்டு வந்த இச்சங்கிலியின் பதிவுகள், பட்டைக் குறியீடு, தரவுத்தளம், இணையம் ஆகியவற்றின் வருகைக்குப் பின் படிப்படியாக எண்ணிம வடிவத்துக்கு மாறி வருகின்றன. உணவின் வழியாக நோய் பரவும்போது, மாசுற்ற தொகுதியை விரைவாகக் கண்டுபிடித்து அதனை மட்டும் சந்தையிலிருந்து நீக்குவது தடமறிதலின் முதன்மை நோக்கமாகும்.

தேவை

ஒரு பண்ணையின் விளைச்சல் சில நாட்களுக்குள் பல மாநிலங்களுக்கும் நாடுகளுக்கும் சென்றுவிடுகின்றது. நோய் எப்பொருளால், எங்கிருந்து வந்தது என்பது தெரியாத நிலையில், அப்பொருள் முழுவதையும் தவிர்க்குமாறு அரசு அறிவிக்க நேரிடுகின்றது. இதனால் தவறிழைக்காத உழவர்களும் இழப்புக்கு உள்ளாகின்றனர்.

2006ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் ஸ்பினாச் கீரை வழியாக ஈ. கோலை பாக்டீரியா பரவியது. சுமார் 200 பேர் நோயுற்றனர். குறைந்தது மூவர் இறந்தனர். பைகளில் அடைக்கப்பட்ட ஸ்பினாச் கீரையை உண்ண வேண்டாம் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் செப்டம்பர் 14 அன்று நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது. நோயாளிகளின் வீடுகளில் எஞ்சியிருந்த பைகளின் தொகுதி எண்களைக் கொண்டு நடந்த ஆய்வு, இறுதியில் கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ மாவட்டத்தில் இருந்த ஒரு வயலைச் சென்றடைந்தது.

2008ஆம் ஆண்டில் சால்மோனெல்லா பாக்டீரியாவால் 1,400க்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது ஐயம் முதலில் தக்காளியின் மீது விழுந்தது. சில வகைச் சிவப்புத் தக்காளிகளைத் தவிர்க்குமாறு சூன் 7 அன்று நாடு தழுவிய எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பல பண்ணைகளின் தக்காளிகள் பொதி நிலையங்களில் அளவு வாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றாகக் கலக்கப்பட்டதால் மூலத்தைத் தேடுவது கடினமாயிற்று. ஆய்வு செய்யப்பட்ட எந்தத் தக்காளியிலும் அந்நோய்க்கிருமி கண்டறியப்படவில்லை. பின்னர் மெக்சிக்கோவில் விளைந்த ஹலபேனோ, செரானோ மிளகாய்களே முதன்மைக் காரணம் எனத் தெரிய வந்தது. தக்காளி எச்சரிக்கை சூலை 17 அன்று நீக்கப்பட்டது. அதற்குள் அறுவடைப் பருவத்தில் இருந்த தக்காளி உழவர்கள் பெரும் இழப்பை அடைந்திருந்தனர்.

செயல்படும் முறை

தடமறிதல் அமைப்புகள் பொதுவாக நான்கு கூறுகளைக் கொண்டுள்ளன.

1. பொருளின் அடையாளம்: பன்னாட்டுத் தர அமைப்பான ஜிஎஸ்1 வகுத்த எண்கள் பரவலாகப் பயன்படுகின்றன. பெட்டி, பொதி போன்ற வணிக அலகுகள் 14 இலக்கங்கள் வரையிலான எண்ணாலும், பண்ணை, கிடங்கு போன்ற இடங்கள் 13 இலக்க எண்ணாலும் குறிக்கப்படுகின்றன.
2. தொகுதி எண்: ஒரே இடத்தில், ஒரே காலத்தில் அறுவடை செய்யப்பட்ட அல்லது பொதி செய்யப்பட்ட பொருட்களுக்கு ஒரே எண் வழங்கப்படும். தொகுதி சிறிதாக இருந்தால், மாசு கண்டறியப்படும்போது திரும்பப் பெற வேண்டிய அளவும் குறையும்.
3. நிகழ்வுப் பதிவு: அறுவடை, குளிரூட்டல், பொதியிடல், அனுப்புதல், பெறுதல், வேறு பொருளாக மாற்றுதல் ஆகிய ஒவ்வொரு நிகழ்விலும் இடம், நேரம், அளவு ஆகியவை பதியப்படும்.
4. இணைப்பு: உள்ளே வந்த தொகுதிகளுக்கும் வெளியே சென்ற தொகுதிகளுக்கும் உள்ள தொடர்பு பதியப்படும். பல தொகுதிகள் கலக்கப்படும் இடத்தில் இத்தொடர்பு விடுபட்டால் தடம் அங்கேயே அறுந்துவிடும்.

வரலாறும் சட்டங்களும்

1974ஆம் ஆண்டு சூன் 26 அன்று ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள டிராய் நகரக் கடை ஒன்றில், ரிக்லி நிறுவனத்தின் மெல்லும் கோந்துப் பொதியே விற்பனை முகப்பில் முதன்முதலாகப் பட்டைக் குறியீட்டின் மூலம் வருடப்பட்டது. இக்குறியீடு பொருளின் வகையை மட்டுமே கூறியது. அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதைக் கூறவில்லை.

மாட்டுப் பித்த நோய் தடமறிதலைச் சட்டக் கடமையாக்கத் தூண்டியது. சப்பானில் 2001இல் இந்நோய் கண்டறியப்பட்டபின், 2003இல் இயற்றப்பட்ட சட்டம் ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண்ணைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 178/2002 எண்ணுள்ள விதி 2005 சனவரி 1 முதல் ஒவ்வொரு வணிகரும் தமக்கு முன்னும் பின்னும் உள்ள கண்ணியை அடையாளம் காட்ட வேண்டும் எனப் பணித்தது. ஐக்கிய அமெரிக்காவின் 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு நவீனமாக்கல் சட்டத்தின் கீழ் 2022 நவம்பரில் இறுதி செய்யப்பட்ட விதி, கீரைகள், தக்காளி, மிளகாய் உள்ளிட்ட பட்டியலிட்ட உணவுகளின் தடப் பதிவுகளை அரசு கேட்ட 24 மணி நேரத்துக்குள் வழங்கக் கோருகின்றது. 2026 சனவரியில் நடைமுறைக்கு வரவிருந்த இதனை 30 மாதங்கள் தள்ளிவைக்கும் நோக்கம் 2025இல் அறிவிக்கப்பட்டது.

பிளாக்செயின் பயன்பாடு

எழுதிய பதிவைப் பின்னர் ஒருவர் தனியாக மாற்ற இயலாதவாறு பலரிடம் பகிர்ந்து வைக்கப்படும் தொடரேடு பிளாக்செயின் எனப்படுகின்றது. வால்மார்ட், ஐபிஎம் நிறுவனங்கள் 2016இல் தொடங்கிய சோதனையில் இத்தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டது. நறுக்கிய மாம்பழப் பொதி ஒன்றின் பண்ணையைப் பழைய முறையில் கண்டறிய 6 நாட்கள், 18 மணி, 26 நிமிடங்கள் ஆயின. புதிய முறையில் 2.2 நொடிகள் ஆயின. எனினும் இவ்வேகத்துக்குத் தொடரேடு மட்டும் காரணமன்று. சங்கிலியில் இருந்த அனைவரும் தம் தரவுகளை ஒரே வடிவத்தில் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்ததும் இன்றியமையாத காரணமாகும்.

இந்தியாவில்

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான இந்தியத் திராட்சையில் 2003இல் அளவுக்கு மீறிய பூச்சிக்கொல்லி எச்சம் கண்டறியப்பட்டது. இதனைத் தொடர்ந்து எச்சக் கண்காணிப்பு முறை உருவாக்கப்பட்டது. வேளாண், பதப்படுத்திய உணவுப்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபெடா, 2006இல் கிரேப்நெட் என்னும் இணையவழி அமைப்பைத் தொடங்கியது. இதன்படி ஒவ்வொரு திராட்சைத் தோட்டத்துக்கும் பதிவெண் வழங்கப்படுகின்றது. அறுவடைக்கு முன் எடுக்கப்படும் மாதிரியின் ஆய்வு முடிவை ஆய்வகமே அமைப்பில் பதிகின்றது. எச்சம் வரம்பை மீறினால் அத்தோட்டத்தின் பழங்களை ஏற்றுமதி செய்ய இயலாது.

இவ்வமைப்பு நடைமுறையில் இருந்தபோதே, 2010ஆம் ஆண்டில் குளோர்மெக்குவாட் குளோரைடு என்னும் வளர்ச்சி ஒழுங்குபடுத்தியின் எச்சம் காரணமாக இந்தியத் திராட்சை ஐரோப்பாவில் மறுக்கப்பட்டது. ஆய்வு செய்ய வேண்டிய வேதிப்பொருட்களின் பட்டியலில் அது அப்போது இடம்பெறாததே காரணம். பின்னர் அது பட்டியலில் சேர்க்கப்பட்டது. மாதுளை, மாம்பழம், காய்கறிகள், கரிம விளைபொருட்கள் ஆகியவற்றுக்கும் இதுபோன்ற அமைப்புகள் உருவாக்கப்பட்டன.

குறைபாடுகள்

* எண்ணிமப் பதிவு, அதில் இடப்பட்ட தகவலின் உண்மைக்கு உறுதி அளிப்பதில்லை. 2013இல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி எனப் பெயரிட்டு விற்கப்பட்ட உணவுகளில் குதிரை இறைச்சி இருந்தது ஏட்டின் வழியாக அன்றி மரபணுச் சோதனையின் வழியாகவே வெளிப்பட்டது.
* திராட்சை நிகழ்வு காட்டியதுபோல, கேட்கப்படாத தகவலை எந்த அமைப்பும் பதிவு செய்வதில்லை.
* கருவி, இணைய இணைப்பு, பயிற்சி ஆகியவற்றின் செலவு சிறு உழவர்களுக்குச் சுமையாகின்றது. பதிவு செய்ய இயலாதவர் பெரிய சந்தைகளை இழக்க நேரிடலாம். மறுபுறம், நோய் பரவும் காலத்தில் தம் விளைபொருள் மாசற்றது எனச் சிறு உழவர் காட்டுவதற்கு அப்பதிவே சான்றாகவும் அமைகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* பட்டைக் குறியீடு
* உணவு நச்சேற்றம்
* வழங்கல் சங்கிலி மேலாண்மை
* பூச்சிக்கொல்லி