கணக்கில் வராத துவைகல்

பழனி என்றதும் போகர் நினைவுக்கு வருவார். ஒன்பது பாஷாணங்களைக் கட்டி, நஞ்சையே மருந்தாக்கி முருகனை வடித்தார் என்பது மக்கள் நம்பிக்கை. அதே மலைத்தொடரின் உச்சியில், கொடைக்கானலில், இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. காய்ச்சல் பார்க்கும் கருவியைச் செய்த இடம் நஞ்சின் கிடங்கானது.

நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து பாண்ட்ஸின் தெர்மாமீட்டர் ஆலை 1980களின் தொடக்கத்தில் இங்கே இடம்பெயர்ந்தது. பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வந்தன. செய்த பொருள் வெளிநாட்டுக்கே போனது. 1987இல் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊரார் வெளிக்கொணர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. தொழிலாளர்களின் உடல்நலம் கெடவில்லை என்றே சொல்லிவந்த நிறுவனம், 2016இல் 591 முன்னாள் தொழிலாளர் தரப்போடு உடன்பாடு செய்துகொண்டது.

இந்த வரலாறு பெரும்பாலும் ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. பாதரசம் அங்கே நிற்கவில்லை. அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும். நிறமும் மணமும் அதற்கு இல்லை. உடுப்பிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீடு வந்தது என்று தொழிலாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த உடுப்பை உதறியது யார்? கையால் கசக்கித் துவைத்தது யார்? துவைகல்லும் ஒரு வேலையிடம்தான். ஆனால் அங்கே வருகைப் பதிவேடு கிடையாது.

உடலுக்குள் போன பாதரசம் எங்கே தங்குகிறது? சுலோவீனியாவின் இட்ரியாவில் நூற்றாண்டுகளாகப் பாதரசச் சுரங்கம் இருந்தது. அங்கே வேலை செய்து இறந்தவர்களின் உறுப்புகளைச் சோதித்த ஆய்வு 1975இல் வெளியானது. சிறுநீரகத்திலும் மூளையிலும் மட்டுமல்ல, தைராய்டிலும் பாதரசம் மிகுதியாகச் சேர்ந்திருந்தது. கூடவே செலினியமும் இருந்தது. தைராய்டு ஹார்மோனைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் நொதிகளுக்குச் செலினியம் வேண்டும். பாதரசமோ அதை இறுகப் பற்றிக்கொள்ளும்.

இதை வைத்துப் பாதரசம் தைராய்டு புற்றுநோய் தரும் என்று சொல்லிவிட முடியாது. உலோகப் பாதரசத்தைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தப் போதிய சான்றில்லை என்று 1993இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது. ஆனால் சான்றில்லை என்பதும் ஆபத்தில்லை என்பதும் ஒன்றல்ல. தைராய்டு புற்றுநோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். அப்படியிருக்க, ஆலைக்குள் நின்றவர்களை மட்டும் சோதித்து எழுதும் அறிக்கை பாதி அறிக்கைதான்.

பெண்ணுக்குக் கழுத்து வீங்கினால், உடல் அசந்தால், மாதவிலக்கு தப்பினால், "பொம்பளைங்களுக்கு வர்றதுதான்" என்று பதில் வரும். அந்தப் பதில் நோயையும் மறைக்கிறது, காரணத்தையும் மறைக்கிறது. அவளிடம் கேட்க வேண்டியது இரண்டு கேள்விதான்: உன் வீட்டிலிருந்து யார் ஆலைக்குப் போனார்கள்? எத்தனை வருடம் அவர்கள் துணியைத் துவைத்தாய்?