அப்பன் தொழிலும் ரெக்கார்டு நோட்டும்

'படிச்சவன் ஏர் பிடிக்க மாட்டான்.' ஊர்த்தெருப் பெரிய மனுசங்க வாயில் இந்தப் பேச்சை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். இதற்கு வயது நூற்றுமுப்பதுக்கு மேல். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதி, அதன் பேரில் 1892 செப்டம்பர் 30-ல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. சேரிக்காரன் கையில் துண்டு நிலம் போனால் பண்ணைக்கு ஆள் கிடைக்காது என்று மிராசுதார்கள் பதறிய கதையைத் தோழர்கள் பலர் எழுதிவிட்டார்கள். அடுத்த வருஷமே, 1893-ல், பஞ்சமர் கல்விக்கென்று அரசு தனியாக ஆணை போட்டது. அதற்கும் அதே பதற்றம்தான். நிலம் வந்தாலும் ஆள் போய்விடும், எழுத்து வந்தாலும் ஆள் போய்விடும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்ய வேண்டும் என்று இன்றைக்கு எல்லோரும் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். எந்தப் பிள்ளையை எந்த வேலைக்கு, அதைத் தீர்மானிக்கிறவன் யார் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுபோகிறது. பேச்சு எங்கெல்லாம் நின்றது என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

நாம் கைத்தொழிலுக்கு எதிரிகள் அல்ல, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1907 முதல் தன் பத்திரிகையில் வாராவாரம் எழுதிய அயோத்திதாசப் பண்டிதர், வித்தையும் கைத்தொழிலும் வளராத தேசம் முன்னேறாது என்று ஓயாமல் எழுதியவர். சாதியை மடியில் கட்டிக்கொண்டு சுதேசியம் பேசியவர்களைப் பரிகாசம் செய்தவரும் அவர்தான். கர்னல் ஆல்காட்டோடு அவருக்கு இருந்த உறவு தெரிந்ததே. ஆல்காட் 1894-ல் அடையாறு பக்கம் ஊரூரில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிகள் நம் முன்னோர் பலருக்கு எழுத்தைக் கொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால் அவை ஆரம்பக் கல்வியோடு நின்றவை. அதற்கு மேல் போகிற பிள்ளை எங்கே போவான் என்பதற்கு அங்கே பதில் இல்லை. ஆல்காட்டுக்குப் பின் அந்தச் சபைக்குத் தலைமையேற்ற அன்னி பெசன்ட், 1909-ல் ஒரு கட்டுரையில், நம் பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று சுத்தத்தையும் நாற்றத்தையும் காரணம் காட்டி வாதாடினார். அம்பேத்கர் 1945-ல் வந்த தன் நூலில் இதை நீளமாக எடுத்துக் காட்டியிருக்கிறார். படிக்காதவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

அம்பேத்கர் வேறு திசையில் யோசித்தார். 1942 ஜூலையில் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் பொறுப்பு ஏற்றவர், அந்த அக்டோபரிலேயே தாழ்த்தப்பட்டோர் குறைகளைப் பட்டியலிட்டு வைஸ்ராய்க்கு ஒரு மனு கொடுத்தார். கலை, சட்டப் படிப்புகள் நம் ஆட்களுக்குப் பெரிதாக உதவாது, விஞ்ஞானத்திலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும், அதற்கு அரசு உதவித்தொகை தர வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று: அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளை அப்ரண்டிஸாக எடுக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். இரும்பையும் எண்ணெயையும் கையால் தொடுகிற வேலையைத்தான் அவரும் கேட்கிறார். ஆனால் அது அப்பன் செய்த வேலை இல்லை. ஊரில் எந்தச் சாதிக்கும் எழுதி வைக்காத வேலை. லேத்துக்கும் அச்சு எந்திரத்துக்கும் மனுவில் இடம் கிடையாது. பெரம்பூரிலும் பொன்மலையிலும் சங்கு ஊதினால் எல்லாச் சாதிக்காரனும் ஒரே வாசலில் நுழைந்தாக வேண்டும். உள்ளே போன பிறகு சாதி இல்லாமல் போய்விட்டதா என்றால் இல்லைதான். ஆனாலும் மாதச் சம்பளம் வந்தது, குவார்ட்டர்ஸ் வந்தது, அந்த வீட்டுப் பிள்ளைகள் ஹைஸ்கூல் போனார்கள்.

மெட்ரிக்குக்குப் பின் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான உதவித்தொகை 1944-ல் தொடங்கியது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945-ல் தொழிலாளர் துறையின் கீழ்தான் வந்தன. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காகத் திறந்த கதவு அது, பிறகு எல்லோருக்கும் ஆனது. பத்தாவது முடித்த கையோடு அங்கே போய்ப் பதிவு எண் வாங்குவது எங்கள் சேரியில் ஒரு சடங்கு மாதிரி. அந்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த வீடுகளை எனக்குத் தெரியும். ஊர்ப் பெரியவர் சிபாரிசு இல்லாமல் வேலை கேட்கலாம் என்பதே நமக்குப் புது அனுபவம். அந்த அலுவலகத்தின் பிறப்பு எந்த மந்திரியின் காலத்தில் என்று சேரியில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

காந்தியின் வார்தா திட்டம் (1937) பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ராட்டையைச் சுற்றிக் கல்வி, பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளியை நடத்துவது என்பது அதன் சாரம். நூல் நூற்க எல்லாப் பிள்ளையும் உட்கார வேண்டும் என்ற அளவில் அதில் ஒரு சமத்துவம் இருந்தது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்ததில் அதுவும் இல்லை. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் பாடம். மீதி நேரம் பெற்றவர்களின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளியும் வாத்தியாரும் பற்றவில்லை, ஷிப்டு முறை வைத்தால் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசு சொன்ன கணக்கு. பெரியார் இதைக் குலக்கல்வி என்றார். அந்தப் பெயர்தான் நின்றது. திராவிடர் கழகம் போராடியது, தி.மு.க. 1953 ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் இது ஒரு முனை. 1954 ஏப்ரலில் ராஜாஜி போனார், காமராசர் வந்தார், மே மாதம் திட்டம் ரத்தானது.

இந்தக் கதையை மேடையில் ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. அந்த வெற்றியில் நமக்கும் பங்கு உண்டு, சந்தோஷம்தான். ஆனால் மேடையில் சொல்லும்போது உதாரணம் எப்போதும் தச்சன் மகன், குயவன் மகன், வண்ணான் மகன், அம்பட்டன் மகன். பண்ணையாள் மகன் எங்கே? தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் அதே ராஜாஜி ஆட்சியில் வந்தது. அதாவது பண்ணையாள் என்றொரு ஆள் இருக்கிறான் என்று அரசுக்கு நன்றாகவே தெரியும். அவன் பிள்ளை மீதி நேரத்தில் என்ன தொழிலைக் கற்பான்? ஆண்டை வீட்டு மாடு மேய்ப்பதை. அவன் அதை ஏற்கெனவே முழு நேரமும் கற்றுக்கொண்டுதான் இருந்தான். 1954-ல் ரத்தானது பள்ளிக்குள் இருந்த குலக்கல்வி. மாட்டுக்கொட்டகையில் இருந்ததை ரத்து செய்ய எந்த மந்திரிசபையும் கூடவில்லை. அதில் ஓட்டை போட்டது காமராசர் காலத்து மதிய உணவும் இலவசக் கல்வியும்தான். அந்தச் சோற்றுக்காகத்தான் மாட்டை அவிழ்த்துவிட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்பன் தொழில் இல்லாத வேறு தொழில் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஆள் உண்டு. என் சித்தப்பா எண்பதுகளில் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தவர். இடஒதுக்கீட்டில் சீட்டு. வேலைவாய்ப்பு அலுவலகம் கூப்பிடும் வரை ஊரில் மோட்டார் ரிப்பேர் பார்த்தார். கம்மாளர் தெருவிலும் மோட்டார் தெரிந்த ஆள் அப்போது இல்லை. ஊர்த்தெருக்காரன் கிணற்றில் மோட்டார் புகைந்தால் சித்தப்பாவைத்தான் தேடி வரணும். 'டேய், வாடா' என்றுதான் கூப்பிடுவார்கள், அது மாறவில்லை. கிணற்று மேட்டில் மோட்டார் கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றலாம். தாகம் எடுத்தால் அதே மோட்டார் இறைத்த தண்ணியை ஒருத்தர் மேலே இருந்து ஊற்ற, கையேந்திக் குடிக்கணும். 'மோட்டாருக்குத் தீட்டு இல்ல, சொம்புக்குத்தான் தீட்டு' என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் கூலியை நெல்லாக அவர் வாங்கியதில்லை. ரூபாயாகக் கேட்டார், கொடுத்தார்கள். அவர் அப்பா, என் தாத்தா, அதே வீட்டில் கலத்தில் அளந்த கூலி வாங்கியவர்.

இனி மேல்நிலைப் பள்ளிக்கு வருவோம். கோத்தாரிக் குழு 1964-66-ல் சொன்னதை வைத்து நாடு முழுக்கப் பத்துக்குப் பின் இரண்டு என்ற முறை வந்தது. தமிழ்நாட்டில் 1978-ல் பி.யு.சி. போய் ப்ளஸ் டூ வந்தது. அதே வருஷம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேசையா தலைமையில் ஒரு தேசியக் குழு, மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வி பற்றி அறிக்கை கொடுத்தது. 'லேர்னிங் டு டூ' என்பது அதன் பெயர். பட்டத்துக்கு மட்டும் ஆள் தயாரிக்கும் படிப்பை மாற்றிக் கையும் மூளையும் சேர்ந்த படிப்பாக்க வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. 1986 கல்விக் கொள்கை, 1995-க்குள் மேல்நிலை மாணவர்களில் 25 சதவீதம் பேர் தொழிற்கல்விக்கு வர வேண்டும் என்று இலக்கும் வைத்தது. அந்த இலக்கின் பக்கத்தில்கூட நாடு போகவில்லை.

அறிக்கை பள்ளிக்குள் நுழைந்ததும் என்ன ஆயிற்று? குரூப் ஆயிற்று. பத்தாவதில் மார்க் எடுத்தவனுக்கு பர்ஸ்ட் குரூப். அதற்கு அடுத்து அடுத்து என்று இறங்கி, கடைசியில் மிஞ்சுகிறவர்களுக்கு வொக்கேஷனல். ஜெனரல் மெஷினிஸ்ட், ஆபீஸ் செகரட்டரிஷிப், நர்சிங், அக்ரிகல்ச்சர் என்று அதற்குள் பிரிவுகள். நான் பார்த்த மெட்ரிக் பள்ளி எதிலும் அந்த குரூப் இல்லை. காசு கட்டிப் படிக்க வைக்கிற அப்பா பிள்ளையைத் தொழிற்கல்விக்கு அனுப்ப மாட்டார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். கையால் செய்யும் வேலையை ஒரு நாடு எவ்வளவு மதிக்கிறது என்பதை அறிக்கையில் பார்க்காதீர்கள், குரூப் வரிசையில் பாருங்கள்.

நான் படித்தது அக்ரி குரூப். எங்கள் அரசுப் பள்ளியில் அட்மிஷன் போட்ட வாத்தியார் என் மார்க்கைப் பார்ப்பதற்கு முன் ஊர்ப் பெயரைக் கேட்டார், அப்புறம் எந்தத் தெரு என்று கேட்டார். 'உங்க ஆளுங்களுக்கு நல்லா வரும்பா' என்று எழுதிவிட்டார். மெஷினிஸ்ட் குரூப்புக்கு லேத் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. எங்களுக்கு ஆள் தேவையே இல்லை. ப்ராக்டிகல் என்றால் பள்ளித் தோட்டத்தில் களை எடுப்பது, பாத்தி கட்டுவது, மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது. எங்கப்பா பத்து வயசிலிருந்து செய்த வேலையை எனக்கு இரண்டு வருஷப் பாடமாக வைத்தார்கள். கூடுதலாக இருந்தது ரெக்கார்டு நோட்டு மட்டும்தான். அதில் மண்வெட்டியின் படம் வரைந்து பாகம் குறித்தேன். எங்கம்மா அதைப் பார்த்து, 'இதப் படிக்கவா பஸ் ஏறிப் போற?' என்று கேட்டாள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் தொழிற்கல்வி மாணவர்களுக்கென்றே இடம் உண்டு என்று அந்த இரண்டு வருஷத்தில் ஒருவரும் சொல்லவில்லை. தமிழ் எம்.ஏ. முடித்த பிறகு எனக்குத் தெரிந்தது. தமிழ் எனக்குப் பிடித்த படிப்பு, அது வேறு விஷயம். என்னோடு களை எடுத்தவர்களில் பலர் இப்போது திருப்பூரில் இருக்கிறார்கள்.

2020 புதிய கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலேயே தொழில் அறிமுகம் என்கிறது. பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர்களிடம் பிள்ளைகள் போய்ப் பழக வேண்டுமாம். சென்னை அடுக்ககத்துப் பிள்ளைக்கு அது பிக்னிக். 2023 செப்டம்பரில் வந்த விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழில் என்பதை வெளிப்படையாகவே நிபந்தனை ஆக்கியது. பதினெட்டு தொழில், பதினெட்டு வயது. முடி திருத்துவது, துணி வெளுப்பது, செருப்பு தைப்பது எல்லாம் உண்டு. பூசை செய்வது இல்லை. தமிழக அரசு அதை ஏற்க மறுத்து, 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல், 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது. வயதை உயர்த்தியது சரியான காரியம், படிக்கிற வயசுப் பிள்ளை தப்பித்தான்.

ஆனால் பூசை செய்வதற்கும் தமிழ்நாட்டில் ஒரு தொழிற்கல்வி உண்டு. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006-ல் அரசாணை போட்டு, பயிற்சிப் பள்ளிகள் திறந்து, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் படித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். பாடத்தில் குறை இல்லை, பரீட்சையில் குறை இல்லை. வழக்கு நடந்தது. 2018-ல் ஒருவருக்கு வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்டில் 24 பேருக்குக் கிடைத்தது. அப்பன் தொழில் அல்லாததைப் படித்தவர்கள் காத்திருந்த காலம் பல வருஷம்.

2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வழிகாட்டுதல் தருகிறார்கள். எங்கள் மாலைப் பள்ளிப் பிள்ளைகள் சில படிப்புகளின் பெயரையே அதில்தான் முதலில் கேட்டார்கள். எனக்குக் கிடைக்காதது அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் வழிகாட்டிய பிறகும் குரூப் போடுவது அதே மேசையில்தான். ஆகவே எங்கள் பகுதித் தோழர்கள் ஒரு வேலையை எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப்பில் எந்தப் பிரிவு மாணவர்கள் எத்தனை பேர், அவர்கள் பத்தாம் வகுப்பு மார்க் என்ன, பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறோம். மனுவின் மாதிரி எங்களிடம் இருக்கிறது. பத்து ரூபாய் செலவு. உங்கள் தாலுகாவில் போட்டுப் பார்த்து, வருகிற பதிலை இந்த இதழுக்கு அனுப்புங்கள்.