சிறுவாடு

சம்பளம், கூலி, வரும்படி, பேட்டா என்று வீட்டுக்குள் வரும் பணத்துக்குத் தமிழில் பெயர்கள் நிறைய. வந்த பணத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு பெண் ஒதுக்கிச் சேர்க்கிற பணத்துக்கும் நம் மொழி தனிப்பெயர் வைத்திருக்கிறது. அதுதான் சிறுவாடு. "பெரியவனுக்குப் பீசு கட்டுனது எங்கம்மா சிறுவாட்டுக் காசுல" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முட்டை விற்ற காசு, மோர் விற்ற காசு, பூக்கட்டிய கூலி, பழைய பேப்பர் போட்ட காசு, காய்க்காரரிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்த ரெண்டு ரூபாய் எல்லாம் சேர்ந்ததே அது. குடும்பச் சிக்கனம் பற்றி இன்று வெளியாகும் புத்தகங்களில் இந்தச் சொல்லைக் காண்பது அரிது. சிக்கனத்தைப் பேச இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அகராதிகளில் சிறுபாடு, சிறுவாடு என்ற இரண்டு வடிவமும் உண்டு. பேச்சில் இருபது 'இருவது' என்றும் அறுபது 'அறுவது' என்றும் ஆகிறதே, அதே போக்கில் உயிரொலிகளுக்கு நடுவே அகப்பட்ட பகரம் நெகிழ்ந்து வகரமாகியிருக்கிறது. ஆகவே நாம் தேடிப் போக வேண்டியது 'பாடு' என்ற சொல்லை. பாடுபடுதல் என்றால் உழைத்தல்; படுகிற கஷ்டமும் பாடுதான். கடற்கரை ஊர்களில் வலையில் விழுந்ததையும் பாடு என்பார்கள். "இன்னைக்கு மீன்பாடு இல்ல" என்று சொல்லும்போது அது உழைப்பின் பலனைக் குறிக்கிறது. "அவ பாட்டுக்கு இருக்கா" என்னும்போது அதே பாடு, ஒருத்தியின் தன் வழி, தன் போக்கு என்று பொருள்படுகிறது. உழைப்பு, அதன் பலன், தனக்கென்று ஒன்று என்ற இந்த மூன்று பொருளும் சிறுபாட்டில் கலந்தே ஒலிப்பதாக எனக்குப் படுகிறது. 'சிறுசேமிப்பு' என்று இதற்குப் பொருள் சொல்லிக் கடந்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும். சிறுசேமிப்பு தொகையின் அளவைச் சொல்கிறது. சிறுவாடு அந்தத் தொகை யாருடைய பாட்டில் வந்தது, ஆகவே யாருக்குச் சொந்தம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. சிக்கனம், 'சிக்கென' என்பதோடு உறவுடையது. இறுகப் பிடிப்பது அதன் அடிப்பொருள். சேமிப்பு, 'க்ஷேமம்' என்ற வடசொல்லிலிருந்து வந்த சேமத்தின் வழிவந்தது. சேமம் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் உமணரின் உப்பு வண்டியைப் பேசுகிறார். பள்ளத்திலும் மேட்டிலும் போகிற வண்டிக்கு அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று, வண்டியின் அடியிலேயே இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. வழியில் முறிவு வரும் என்று தெரிந்து, புறப்படும்போதே கட்டிக்கொள்வது சேமம். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போட்டு வைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

சிறுவாட்டின் பழைய வடிவம் காசாக இல்லை, அரிசியாக இருந்தது. கையில் காசு புழங்காத வீடுகளில் பெண்ணின் பிடியில் இருந்தது அடுக்களை மட்டும்தான். உலை வைத்துவிட்டுப் படியால் அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவார்கள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூலையில் இருக்கும் தனிப் பானையில் போடுவார்கள். சாப்பிடுகிறவர்களுக்குக் குறைவு தெரியாது. ஒரு பிடியில் என்ன தெரியப்போகிறது? ஒரு பிடியை 40 கிராம் என்று வைத்துக்கொண்டால்கூட, இரண்டு வேளைக்கு 80 கிராம், மாதம் 2 கிலோ 400 கிராம். வளையல்காரருக்கும் மீன்காரிக்கும் உப்பு விற்பவருக்கும் அந்த அரிசிதான் விலை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி அன்னதானத்துக்காகப் பிடி அரிசித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது வீட்டுப் பெண்களுக்கு யாரும் அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

காசு வந்த பிறகு இடங்கள் மாறின: முந்தி முடிச்சு, சுருக்குப்பை, கடுகு டப்பா, டிரங்குப் பெட்டியில் கூறைப்புடவையின் மடிப்பு. "முடிஞ்சு வை" என்று பெரியவர்கள் சொல்வது இந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான். பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பொன்முடிப்பும் அந்த முடிச்சின் உறவே. மண் உண்டியலும் இந்த வரிசையில் சேரும், அந்தச் சொல் சுற்றி வந்த வழிதான் வேறு. உண்டியல் என்பது முதலில் வணிகர்கள் ஊர்விட்டு ஊர் பணம் அனுப்ப எழுதிக் கொடுத்த முறி. 'ஹுண்டி' என்ற வடநாட்டு வழக்கு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா, இலங்கை, மலேயா வரை உண்டியல் தொழில் நடத்தினார்கள். இலங்கைத் தமிழரிடம் இன்றும் உண்டியல் என்றால் பணம் அனுப்பும் வழி. தமிழ்நாட்டில் அது கோயில் காணிக்கைப் பெட்டியாகி, பிள்ளைகள் காசு போடும் கலயமாகிவிட்டது.

சிறுவாட்டுக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. அன்றாடச் செலவுக்கு அதைத் தொடக் கூடாது. எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. கணவனோ மகனோ கைமாற்றாக வாங்கினால் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காத மகனை ஊர்ப் பெண்கள் நடுவில் வைத்துக் கேட்கிற உரிமை அம்மாவுக்கு உண்டு. சேர்ந்தது சும்மாவும் கிடக்காது. பெட்டை ஆடு ஒன்றை வாங்கி வாரத்துக்கு விட்டால் குட்டியில் பாதி வரும். தீபாவளிச் சீட்டு, பாத்திரச் சீட்டு, நகைச் சீட்டு என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். பொட்டுத் தங்கமாகிக் காதில் ஏறும், பள்ளிச் செலவுக்கு அடகுக் கடைக்குப் போகும், மீண்டு வரும். வரவு செலவுத் திட்டம் என்று இன்று பேசுகிற எல்லாமே இதில் இருக்கிறது. எழுதப்படாததால் நாம் அதைக் கணக்கென்று மதிக்கவில்லை.

சட்டமும் நெடுங்காலம் மதிக்கவில்லை. பழைய இந்துச் சட்டத்தில், பிறந்த வீட்டார் கொடுத்தது ஸ்திரீதனம். ஆனால் மணவாழ்வின்போது ஒரு பெண் கைத்தொழிலால் ஈட்டியதில் கணவனுக்கே ஆதிக்கம் என்று காத்யாயனர் பெயரிலான ஸ்மிருதி சொன்னது. அதாவது தானமாக வந்தால் அவளுடையது, பாடுபட்டு வந்தால் இல்லை. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுதான் இதை மாற்றியது. பெண்ணுக்கு முழு உரிமையுள்ள சொத்து எது என்று விளக்கும்போது, அவள் தன் திறமையாலோ உழைப்பாலோ பெற்றதையும் அது சேர்த்துச் சொல்கிறது. தமிழ்ச் சொல்லுக்குள் எப்போதோ இருந்த நியாயம் சட்டப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்த ஆண்டு அது.

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, கடுகு டப்பாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கப்பட்டன. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் இருந்த தொகை வெளியே வந்தது. சிலர் சிரித்தார்கள், பத்திரிகைகளில் துணுக்குகள் வந்தன. அது எனக்கு இன்றும் ஆறவில்லை. வருடக்கணக்கில் தன் வாய்க்குப் போகாமல் வைத்த காசைக் கையில் பிடித்துக்கொண்டு வங்கி வரிசையில் நின்றவளைத் திருடியைப் போலப் பார்த்ததில் என்ன வேடிக்கை இருக்கிறது? குவாலியரைச் சேர்ந்த ஓர் இல்லத்தரசி அப்போது வங்கியில் கட்டிய 2,11,500 ரூபாயைக் கணக்கில் வராத வருமானம் என்று வரித்துறை சொன்னது. வழக்கு ஆக்ராவில் உள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது என்ற அவருடைய விளக்கத்தை 2021-இல் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இன்னும் ஒரு படி மேலே போனார். கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட வழக்கு அது. வீட்டு வேலையும் சொத்துச் சேர்ப்பதில் பங்களிப்பே, ஆகவே மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று அவர் தீர்ப்பளித்தார்.

டப்பாவுக்குள் இருக்கும் பணத்துக்கு ஒரு குறை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். விலைவாசி அதைத் தின்றுவிடும்; தெரிந்தவரிடம் நம்பிக் கொடுத்தால் சீட்டோடு ஆளும் போய்விடலாம். அதற்குக் கிடைத்த வழிதான் குழு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், பிறகு மாநிலம் முழுக்கப் பரவின. வாராவாரம் சந்தா, குறிப்பேட்டில் பதிவு, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, தேவைப்பட்டவருக்குக் கடன். பத்துப் பதினைந்து பேரின் சிறுவாடு ஒன்றாகச் சேர்ந்து வங்கிக்குள் நுழைந்தது என்றே நான் அதைப் பார்க்கிறேன். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாயை அவர்கள் பெயரிலுள்ள கணக்கில் போடும் திட்டம் தொடங்கியது. அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தது சரியான காரியம்.

இன்று கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீடுகளில் எல்லாப் பணமும் ஒரே கணக்கில் விழுந்து, ஒரே செயலியில் கரைகிறது. அங்கே சிக்கனம் தினம் ஒரு சண்டையாகத்தான் முடியும். ஏனென்றால் மிச்சம் பிடித்தது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. தன் பாட்டில் சேர்ந்தது தனக்கு என்று தெரிந்தால்தான் மனிதர்களுக்குப் பிடித்து வைக்கும் மனம் வரும். ஆகவே மாதம் பிறந்ததும் முதல் செலவாக வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சிறுவாட்டை ஒதுக்குங்கள். வீட்டுப் பெண்ணின் பெயரில் மட்டும் தனிக் கணக்கு இருக்கட்டும். அதில் அவர் விரும்பும் நியமனதாரரின் பெயர் பதிவாகட்டும். 10 வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். பள்ளி விடுமுறையில் கூட்டிப் போய்த் தொடங்கிக் கொடுங்கள். அதன் பிறகு அவரவர் பாஸ்புத்தகம் அவரவரிடமே இருக்கட்டும், நீங்களாக வாங்கிப் பார்க்காதீர்கள்.