சுடுதேநீரும் வாய்திறப்பும்: அடிச்சியின் ‘பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்’ நாவலில் விசுவாசம்

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா ங்கோசி அடிச்சியின் முதல் நாவலான ‘பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்’ (2003), மதக் கெடுபிடியிலிருந்து விடுபட்டுப் பேசக் கற்கும் ஒரு சிறுமியின் கதையாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. இந்த வாசிப்பு நாவலின் பாதியைத்தான் பார்க்கிறது. பதினைந்து வயது கம்பிலி விசுவாசத்தைத் துறந்து குரல் பெறவில்லை. அதே செபமாலையை இன்னொரு வீட்டில் வேறு விதமாகச் சொல்லக் கேட்ட பிறகே அவளுக்கு வாய் திறக்கிறது.

எனுகு நகரில் அவள் தந்தை யூஜின் ஆலை முதலாளி, தீவிர கத்தோலிக்கர். அவர் நடத்தும் பத்திரிகை இராணுவ ஆட்சியை அஞ்சாமல் எதிர்க்கிறது. அதன் ஆசிரியர் அடே கோக்கர் பார்சல் வெடிகுண்டுக்குப் பலியாவது, 1986இல் லாகோசில் அவ்வாறே கொல்லப்பட்ட பத்திரிகையாளர் டெலே கிவாவை நினைவுபடுத்தாமல் இராது. நாட்டின் பேச்சுரிமைக்குப் போராடும் அந்த மனிதர்தாம் வீட்டில் பிள்ளைகளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அட்டவணை போட்டு ஒட்டுகிறார். அவரைப் போலி என்று ஒதுக்கிவிட நாவல் விடுவதில்லை. மகளின் பாதங்களில் கொதிநீரை ஊற்றும்போது அவர் அழுகிறார். மிஷன் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு பாதிரியார் தம் கைகளைச் சுடுநீரில் அமிழ்த்தித் தண்டித்ததைப் பின்னர் அவரே நன்றியோடு நினைவுகூர்கிறார். வாங்கிய தண்டனையையே அன்பென்று நம்பிக் கொடுக்கிறார்.

இந்தச் சிக்கல் முழுவதும் ஒரு கோப்பைத் தேநீருக்குள் இருக்கிறது. தாம் குடிக்கும் தேநீரில் முதல் மிடறைப் பிள்ளைகளுக்குத் தருவது யூஜினின் வழக்கம். அது எப்போதும் நாக்கைப் பொசுக்கும். மதியச் சாப்பாட்டில் காரம் இருந்தால் புண் எரியும். ஆனாலும் தந்தையின் பாசம் தனக்குள் இறங்குவதாகவே கம்பிலி எண்ணுகிறாள். நற்கருணையை வாங்குவதும் பேச வேண்டியதும் அதே நாக்குதான். அந்த வீட்டில் அன்பும் பக்தியும் வலியும் நாவில் ஒன்றாகி விடுவதால் சொல்லுக்கு அங்கே இடமில்லை. பின்னாளில் தாய் பீட்ரிஸ் நஞ்சு கலப்பதும் அந்தத் தேநீரில்தான்.

கம்பிலி சென்று தங்கும் நுசுக்கா நகரில் அத்தை இஃபியோமா பல்கலைக்கழக விரிவுரையாளர். தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு உள்ள அந்தச் சிறு வீட்டிலும் செபமாலை உண்டு. நடுநடுவே இக்போ மொழிப் பாட்டும் சிரிப்பும் உண்டு. யூஜின் ‘அஞ்ஞானி’ என்று ஒதுக்கிய தாத்தா, விடியலில் அவ்வீட்டுத் தாழ்வாரத்தில் தம் தெய்வத்திடம் அந்த மகனுக்காகவும் மன்றாடுவதைக் கம்பிலி ஒளிந்து பார்க்கிறாள். அவளுடைய இறையியல் கல்வி அந்தத் தாழ்வாரத்தில்தான் நடக்கிறது என்பேன்.

வாய்திறப்பு நிகழும் இடமோ மிகச் சாதாரணம். கீரை ஆயத் தெரியாத கம்பிலியை அத்தை மகள் அமாக்கா ஏளனம் செய்கிறாள். அத்தை அமாக்காவைக் கண்டிப்பதற்குப் பதில், உனக்கு வாயில்லையா, திருப்பிச் சொல் என்று கம்பிலியை அதட்டுகிறாள். கத்த வேண்டாம், எனக்குத் தெரியாது, காட்டிக் கொடு என்கிறாள் கம்பிலி. அவளுடைய முதல் எதிர்ப்பேச்சு ஓர் ஒப்புதலும் வேண்டுகோளும் சேர்ந்தது. கலகம் என்ற சொல் இதற்குப் பொருந்தாது.

இறுதியிலும் அவள் திருச்சபைக்குள்தான் இருக்கிறாள். இறந்த தந்தைக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறாள். ஆனால் நற்கருணை வாங்க மறுத்து வீட்டின் மௌனத்தை முதலில் உடைத்த அண்ணன் ஜாஜா, தாயின் குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்து பேச்சற்றுப் போகிறான். கொன்றது நான்தான் என்று பீட்ரிஸ் சொல்லியும் நம்புவார் இல்லை. துயரத்தில் பிதற்றுகிறாள் என்கிறார்கள். கம்பிலிக்கு அத்தை வீட்டில் வாய்த்தது, பதிலுக்காகக் காத்திருக்கும் காது. தாய்க்கு உண்மையைச் சொன்ன பிறகும் அது வாய்க்கவில்லை.