ஆற்றின் இரு கரைகள்: மலாக்கா நகரின் பழங்கட்டடங்கள்

புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறுகளாக விளங்கியதைச் சிலப்பதிகாரம் பயின்றோர் நன்கறிவர். கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் சிறு வணிகரும் கைவினைஞரும் கலத்தின் வழி வந்த அயல்நாட்டாரும் கலந்து வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்திலோ அரசனும் பெருங்குடி மக்களும் வாழ்ந்தனர். இரண்டுக்கும் இடையில் இருந்தது அங்காடி. மலேசியாவின் மேற்குக் கடற்கரையில், பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகமாக எழுந்த மலாக்கா நகரை நோக்குவார்க்கு இவ்வமைப்பு நினைவுக்கு வருதல் இயல்பே. அங்கும் நகரம் இரண்டு பாகம். நடுவே ஓர் ஆறு. ஆற்றின் கிழக்கே குன்றும் அரண்மனையும். மேற்கே வணிகர் தெருக்கள். அங்காடி எங்கே இருந்தது என்று கேட்டால், அது ஆற்றின் மேலேயே இருந்தது எனலாம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணங்களில் உடன்வந்த மா ஹுவான், மலாக்கா மன்னர் ஆற்றின்மேல் பாலம் கட்டி, அப்பாலத்தின்மீது இருபதுக்கும் மேற்பட்ட மண்டபங்களை எழுப்பியிருந்தார் என்றும், கொள்வதும் கொடுப்பதும் அம்மண்டபங்களிலேயே நிகழ்ந்தன என்றும் குறித்துள்ளார்.

மரத்தாலான அப்பாலம் இன்று இல்லை. ஆயினும் மலாக்காவின் வரலாறு முழுவதும் அப்பாலத்தைக் கடந்தே சென்றிருக்கிறது. 1511ஆம் ஆண்டு அல்புகெர்க் தலைமையில் வந்த போர்த்துக்கீசியர், நகரைப் பிளக்கும் வழி பாலத்தைப் பிடிப்பதே என்பதை உணர்ந்து அங்கேயே தம் வலிமையைச் செலுத்தினர். கடும்போர் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் நகரம் வீழ்ந்தது. இன்று ஆற்றைக் கடக்க மக்கள் பயன்படுத்தும் தான் கிம் செங் பாலம், மலாக்காவிற் பிறந்து சிங்கப்பூரில் பெருவணிகராக விளங்கிய அப்பெயருடையாரின் நினைவைத் தாங்குவது. 1862இல் எழுந்த அது பின்னர் திருத்திக் கட்டப்பெற்றது.

கிழக்குக் கரையின் கற்கள்

வென்றவர் முதலில் கட்டியது கோட்டை. அதற்குக் கல் வேண்டும். கல்லுக்குத் தொலைவில் செல்லவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. சுல்தான்களின் கல்லறைகளும் பள்ளிவாசலும் அருகிலேயே இருந்தன. அவற்றைப் பெயர்த்தெடுத்த கற்களும் கோட்டைச் சுவரில் இடம்பெற்றன. மலாக்காவில் சுல்தான்கள் காலத்துக் கட்டடம் எதுவும் நிலைத்து நில்லாமைக்கு மரக் கட்டுமானம் ஒரு காரணம். இது மற்றொரு காரணம். இப்பகுதியின் செம்புரைக்கல் மண்ணிலிருந்து வெட்டும்போது மென்மையாகவும், வெயிலும் காற்றும் படப்பட வன்மையாகவும் மாறும் தன்மையது. எத்தனை முறை பெயர்த்து வேறிடத்தில் அடுக்கினும் பயன்படும். ஓர் அரசின் கல்லறைக் கல் அடுத்த அரசின் மதிற்கல் ஆவதற்கு இக்கல்லின் இயல்பும் துணைநின்றது.

கோட்டைக்குள் இருந்த குன்றின் உச்சியில் 1521இல் போர்த்துக்கீசியர் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினர். பின்னர் ஏசு சபையாரிடம் ஒப்படைக்கப்பெற்ற அக்கோயிலில்தான், சீனக் கடற்கரைக்கு அருகே காலமான புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் 1553இல் கோவாவுக்குக் கொண்டு செல்லப்படுமுன் சில திங்கள் புதைக்கப்பட்டிருந்தது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய அவரைத் தமிழ்நாட்டார் அறிவர்; அவர் உடல் மலாக்கா மண்ணில் தங்கியிருந்ததை அறிந்தோர் சிலரே. 1641இல் நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அக்கோயிலைத் தம் சமயத்துக்கு மாற்றிப் புனித பவுல் பெயரிட்டனர். கீழே தமக்கெனப் புதிய கோயில் கட்டிக்கொண்டபின் அதனை இடுகாடாக்கினர். இன்று கூரையற்று நிற்கும் அதன் சுவர்களில் ஒல்லாந்தரின் கல்லறைப் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டுள்ளன.

கோட்டையையும் ஒல்லாந்தர் இடிக்கவில்லை; பழுது பார்த்துப் பயன்படுத்தினர். சந்தியாகோ வாயிலின்மேல் தம் கும்பினியின் சின்னத்தையும் 1670 என்னும் ஆண்டையும் பொறித்தனர். போர்த்துக்கீசியர் கோட்டை என்று இன்று காட்டப்படும் வாயிலில் ஒல்லாந்தர் முத்திரை இருப்பதற்குக் காரணம் இதுவே.

அக்கோட்டைக்கு முடிவு தேடித் தந்தது போர் அன்று, கணக்கு. ஐரோப்பாவில் நெப்போலியன் காலப் போர்கள் நிகழ்ந்தபோது, 1795 முதல் மலாக்கா ஆங்கிலேயர் பொறுப்பில் இருந்தது. போர் ஓய்ந்தால் ஒல்லாந்தரிடம் திருப்பித் தரவேண்டும். திருப்பித் தரும்போது வலிய கோட்டையையும் சேர்த்துத் தருவானேன் என்பது ஆங்கிலக் கும்பினியின் எண்ணம். வணிகமும் மக்களும் பினாங்குக்குப் பெயரவேண்டும் என்னும் விருப்பமும் உடனிருந்தது. ஆகவே 1807இல் வெடிமருந்து வைத்துக் கோட்டை தகர்க்கப்பட்டது. மூன்று நூற்றாண்டு நின்றதற்கு ஒரு கும்பினி, செலவுக் கணக்குப் பார்த்து முடிவுகட்டியது. மறு ஆண்டு உடல்நலம் தேறுவதற்காக மலாக்கா வந்த ராஃபிள்ஸ், நகரைக் கைவிடலாகாது என்று மேலிடத்துக்கு விரிவாக எழுதினார். நகரம் தப்பியது. கோட்டையில் எஞ்சியது வாயில் ஒன்றே.

அவ்வழிவைக் கண்டவர் ஒருவர் அதனை எழுதியும் வைத்தார். அவர் மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்பெறும் முன்ஷி அப்துல்லா. மலாக்காவிற் பிறந்த அவருடைய முன்னோரில் அராபியரும் உண்டு, தமிழரும் உண்டு. தம் வரலாற்று நூலில், வெடித்த கோட்டையின் பாறைத் துண்டுகள் எத்துணைப் பெரியனவாகப் பறந்தன என்பதை யானையையும் வீட்டையும் அளவாகக் கொண்டு அவர் காட்டுகிறார். நகரின் பொலிவு போயிற்றே என்று வருந்தவும் செய்கிறார். இடித்த அதிகாரிகளின் ஏடுகளில் செலவு இருக்கிறது; இழப்பு அப்துல்லாவிடம் மட்டுமே இருக்கிறது.

சிவப்பு என்னும் நிறம்

ஆற்றங்கரைச் சதுக்கத்தில் இன்று கண்ணைக் கவர்வன செந்நிறக் கட்டடங்கள். ஒல்லாந்த ஆளுநரின் மாளிகையும் அலுவலகமுமாகப் பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த ஸ்டாட்ஹைஸ் அவற்றுள் பெரியது. தடித்த சுவர்களும் கனத்த மரக் கதவுகளும் உடைய அது, பின்னர் ஆங்கிலேயருக்கும் அலுவலகமாகப் பயன்பட்டது, இன்று அருங்காட்சியகம். அதன் அருகே கிறிஸ்து தேவாலயம். நகரைக் கைப்பற்றிய நூற்றாண்டு நிறைவைக் கருதி 1741இல் கால்கோளிடப்பட்டு 1753இல் அது நிறைவுற்றது. உட்கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஒவ்வொன்றும் 48 அடி நீளம் உடையவை. இணைப்பின்றி ஒரே மரத்தில் செதுக்கப்பட்டவை. எதிரே நிற்கும் மணிக்கூண்டு 1886இல் சீன வணிகக் குடும்பம் ஒன்றால் தரப்பெற்றது. காண்போர் பலரும் அதனையும் ஒல்லாந்தர் கட்டியதாகவே எண்ணிச் செல்கின்றனர், காரணம் நிறம்.

அந்நிறமோ ஒல்லாந்தருடையது அன்று. அவர்கள் காலத்தில் இக்கட்டடங்கள் வெள்ளை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1911இல்தான் இவை சிவந்தன. வெற்றிலை எச்சிற் கறையும் சுவரில் தெறிக்கும் செம்மண்ணும் தெரியாதிருக்க அவ்வாறு செய்தனர் என்று ஊரார் கூறும் விளக்கம் நகைப்புக்கு உரியதாயினும், பராமரிப்புச் செலவு என்னும் உண்மைக்கு அண்மையில் நிற்பது. ஒல்லாந்தப் பழமையின் அடையாளமாக இன்று அஞ்சலட்டைகளில் உலவும் செந்நிறம், நூற்றாண்டுக்குச் சற்றே மேற்பட்ட அகவையுடைய ஆங்கிலப் பூச்சு. பழமை என நாம் கண்டு மகிழ்வதில் எத்துணைப் பகுதி பிற்காலத்துப் பூச்சு என்பதை ஆராய்வார்க்கு இச்சதுக்கம் நல்லதோர் ஆய்வுக்களம்.

மேற்குக் கரையின் தெருக்கள்

பாலத்தைக் கடந்தால் மதிலும் இல்லை, கொத்தளமும் இல்லை. சுல்தான்கள் காலத்திலேயே தமிழ் வணிகரும் பிறரும் குடியிருந்த கரை இது. 1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் பணியாற்றிய தோமே பிரேஷ், இந்நகரின் துறைமுகத்தில் 84 மொழிகள் வழங்கின என்று எழுதினார். அயல்வணிகரைக் கவனிக்க நான்கு துறைமுக அதிகாரிகள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் கிளிங்கர் எனப்பட்ட தமிழ் முதலிய வணிகருக்கு உரியவர். கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரிலிருந்து பிறந்ததாகக் கருதப்பெறும் இச்சொல், பின்னாளில் இழிவுக் குறிப்பு ஏற்றது; அக்காலத்தில் அது வணிகப் பெருமக்களின் பெயர்.

அப்பெருமக்களுள் ஒருவரைப் போர்த்துக்கீசிய ஏடுகள் நினாச்சட்டு என்கின்றன. நயினார், செட்டி ஆகிய சொற்களின் திரிபாகலாம். 1511க்கு முன் மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு உதவிய அவர், நகரம் வீழ்ந்தபின் பெந்தஹாரா என்னும் உயர்பதவி பெற்றார். 1514இல் அப்பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. மானம் பொறாத அவர் நறுமண மரங்களை அடுக்கித் தீ வளர்த்து அதிற் புகுந்தார் என்று போர்த்துக்கீசியர் எழுதிவைத்துள்ளனர். நன்றி மறந்தவரே எழுதிவைத்தமையால் இச்செய்தி நம்பத்தக்கது எனலாம். அவருக்கு நினைவுக்கல் ஏதும் மலாக்காவில் இல்லை.

அவர் வழியினர் எனக் கூறத்தக்க செட்டி மக்கள் பின்னாளில் மலாய் மொழியைத் தாய்மொழியாக ஏற்றனர். மலாய் உடையும் உணவும் அவர்களுடையவாயின. தமிழ் நாவிலிருந்து நீங்கியது. சைவ வழிபாடு நீங்கவில்லை. ஒல்லாந்தர் தந்த நிலத்தில் 1781இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகமூர்த்தி கோயில், பொற்கொல்லர் தெரு என்று பொருள்படும் ஜாலான் துக்காங் எமாஸில் இன்றும் நிற்கிறது. வீடுகளின் வரிசையோடு வரிசையாக ஒதுங்கி நிற்கும் எளிய கட்டடம் அது. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748இல் மரத்தால் கட்டப்பெற்று 1872இல் செங்கல்லால் புதுக்கப்பட்டது. பள்ளிவாசல் எனின் குவிமாடத்தை எதிர்பார்ப்பார்க்கு அங்கே அடுக்கடுக்கான கூம்புக் கூரை காட்சி தரும். பாங்கு ஒலிக்கும் கோபுரமோ சீனர் அடுக்குக் கோபுரத்தை ஒத்தது. உள்ளே கிரேக்கப் பாணித் தூண்கள். ஆங்கில, போர்த்துக்கீசிய ஓடுகள். விக்டோரியா காலத்துச் சரவிளக்கு. கட்டியவர் தமிழ் முஸ்லிம்கள். சற்றே தள்ளி, பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் என்னும் சீனக் கோயில். அதன் சீரமைப்புக்கு யுனெஸ்கோ விருது கிட்டியது.

அப்துல்லா சிறுவராயிருந்த காலத்தில், மலாக்காவின் செல்வர் தம் மக்களுக்குத் தமிழ் கற்பித்தனர். வணிகக் கணக்கு தமிழில் நடந்ததே காரணம். அவரும் அவ்வாறே கற்றார். இத்தெருக்களின் வீடுகளில் ஒரு காலத்தில் தமிழ்க் கணக்கேடுகள் விரிந்திருந்தன என்பதை, அவ்வீடுகளின் இன்றைய முகப்புகளைக் கொண்டு யாரும் ஊகிக்க இயலாது. முகப்புகள் பெரும்பாலும் சீன வணிகர் காலத்தன. முன்புறம் குறுகியும் உட்புறம் நெடிதாகவும், இடையிடையே வானம் திறந்த முற்றங்களோடும் அமைந்த கடைவீடுகள் அவை. முகப்பின் அகலத்தை அளந்து வரி விதித்தமையால் வீடுகள் இவ்வாறு நீண்டன என்பர். ஹீரன் தெரு எனப்பட்ட தெருவில் ஒரு வரிசை வீடுகளின் பின்வாயில் முன்பு கடலைப் பார்த்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கியபின் அவ்வீடுகளிலிருந்து கடல் காண்பதில்லை.

வெடிமருந்து இன்றி

கிழக்குக் கரையின் கோட்டை வெடிமருந்தால் அழிந்தது. மேற்குக் கரையின் தெருக்கள் இன்றும் நிற்கின்றன. வழிபாடும் குடியிருப்பும் இடையறாமல் நிகழ்ந்தமையே அவற்றைக் காத்தது. ஆகவே அவற்றுக்கு நேரும் இடர் வேறு வகையினது. போருக்கு முன் கட்டப்பெற்ற வீடுகளின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்த சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அதன் பாதுகாப்பு 1999 இறுதியோடு முற்றும் நின்றது. குறைந்த வாடகையில் தலைமுறையாக வாழ்ந்த தச்சரும் கொல்லரும் சிறுகடையினரும் வெளியேறலாயினர். ஆளற்ற சில வீடுகளில் விலைமிகுந்த கூடுகளுக்காக உழவாரக் குருவிகள் குடியேற்றப்பட்டன. மக்கள் போக, பறவை வாடகைதாரரானது. 2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. பெருமை வந்தது, பயணியர் வந்தனர், தங்கும் விடுதியும் உணவுக்கடையும் நினைவுப்பொருள் அங்காடியும் வந்தன. ஆற்றைப் பார்த்த வீட்டுப் பின்சுவர்களில் வண்ண ஓவியங்கள் எழுந்தன. படகிற் செல்வார்க்கு அவை அழகே. ஆயின் ஓவியத்தில் பின்வாசலில் அமர்ந்திருக்கும் முதியவர், சுவருக்கு உள்ளே இருந்தால் இன்னும் அழகு.

கிழக்குக் கரையும் மறைத்து வைத்ததைச் சற்றே வெளிப்படுத்தியது. 2006இல், 110 மீட்டர் உயரச் சுழல்கோபுரம் ஒன்றுக்காக ஆற்றங்கரையில் தோண்டியபோது, ஒல்லாந்தர் காலத்து மிடில்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. வெடிமருந்துக்குத் தப்பிய கற்கள் மண்ணுக்குள் இருநூறு ஆண்டு கிடந்திருக்கின்றன. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றினர். கொத்தளத்தின் மேற்பகுதி புதிதாகக் கட்டப்பெற்று, இன்று ஆற்றை நோக்கிப் பீரங்கிகளுடன் நிற்கிறது. புதிய கற்களுக்கு நடுவே பழைய கற்களைத் தேடித்தான் காணவேண்டும்.

மாசி மகத்தன்று பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகனின் வெள்ளித் தேர் புறப்பட்டு, நகருக்கு வெளியே செங் என்னும் இடத்திலுள்ள சன்னாசிமலைக்குச் செல்லும். அன்று மட்டும், அக்குறுகிய தெருவின் கடைக்காரர் தம் பலகைகளையும் பந்தல்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு வழி விடுகின்றனர்.