டிடிஎஸ் தாமத வட்டி: கணக்கெழுதும் முறை

டிடிஎஸ் தாமத வட்டி என்பது பிறருக்குத் தரும் தொகையில் வருமான வரியை உரிய நேரத்தில் பிடிக்காதவரோ, பிடித்ததைக் கெடுவுக்குள் அரசுக்குக் கட்டாதவரோ செலுத்தும் வட்டி. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 201(1ஏ) பிரிவு இதை இரண்டாகப் பிரித்தது: வரியைப் பிடிக்கவே தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம், பிடித்த பின் கட்டாமல் வைத்திருந்தால் 1.5 சதவீதம். மாதத்தில் ஒரு பகுதியும் முழு மாதமே. திண்டிவனத்து அரிசி ஆலை ஒன்று, கிடங்கு கட்டிய ஒப்பந்த நிறுவனத்தின் 10 லட்சம் ரூபாய் பில்லில் 2025 ஜூன் 10 அன்று 2 சதவீதமாக 20,000 ரூபாய் பிடித்தது என்று கொள்வோம். கெடு ஜூலை 7. மறுநாள் கட்டினால் தாமதம் ஒரு நாள்தான். ஆனால் வட்டி, பிடித்த நாளிலிருந்து ஓடுவதால், துறையின் கணக்குப்படி ஜூன், ஜூலை என இரண்டு மாதத்துக்கு 600 ரூபாய். பேரேட்டில் டிடிஎஸ் பாக்கிக் கணக்கில் 20,000, டிடிஎஸ் வட்டிக் கணக்கில் 600 பற்று. வங்கிக் கணக்கில் 20,600 வரவு.

இந்த 600 ரூபாயை ஆலையின் சொந்த வருமான வரியோடு சேர்ப்பது தவறு. பிடித்த வரி ஒப்பந்தக்காரருடையது. வட்டியோ அரசின் பணத்தைக் கையில் வைத்திருந்ததற்கான விலை. முன்வரிக் குறைவுக்கான வட்டியை நிதிச் செலவாகக் காட்டும்படி இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் வழிகாட்டுக் குறிப்பு சொல்வதும் இதே தர்க்கத்தால்தான். அப்படியானால் லாபத்திலிருந்து கழித்து வரியைக் குறைக்கலாமே என்று கேட்கலாம். நிலுவை விற்பனை வரிக்கான வட்டியை நீதிமன்றங்கள் செலவாக ஏற்றுள்ளன. அதைப் பின்பற்றி வருமான வரித் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா அமர்வு 2017இல் நாராயணி இஸ்பாத் வழக்கில் டிடிஎஸ் வட்டியையும் கழிக்க அனுமதித்தது. வாதத்தில் வலு உண்டு. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை பிராபர்ட்டீஸ் அண்ட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வழக்கில் நேர்மாறாகத் தீர்த்தது: வட்டி தன் மூலத்தின் தன்மையையே பெறும், மூலம் வருமான வரி, எனவே அது தொழிற்செலவு ஆகாது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வரி கட்டுவோரைக் கட்டுப்படுத்துவது இத்தீர்ப்பே.

ஏடும் வரிக் கணக்கும் இங்கே முரண்படுவதாகத் தோன்றலாம். லாப நட்டக் கணக்கு சொல்வது என்ன செலவானது என்பதை. வருமானக் கணக்கீடு சொல்வது எதைச் சட்டம் கழிக்க விடும் என்பதை. ஆகவே 600 ரூபாயைச் செலவாக எழுதி, வருமானக் கணக்கீட்டில் திரும்பக் கூட்ட வேண்டும். எந்த ஆண்டிலும் கழிக்க முடியாத நிரந்தர வேறுபாடு என்பதால், இதற்கு ஒத்திவைத்த வரிச் சொத்து பதிவதற்கும் இடமில்லை.